அமுங்கியதா, அமுக்கியதா? குறுக்கெழுத்தில் அழுத்தம் சார்ந்த சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘அழுத்தம்’ பற்றிய குறிப்புகளுக்கு எப்போதும் இரண்டு விடைகள் பொருந்துவதுபோல் தோன்றுவது ஏன்?

உண்மையிலேயே இரண்டு விடைகள் பொருந்துகின்றன என்பதே காரணம். ஒரு பொருள் தானாகவோ பிறவற்றின் பாரத்தாலோ உள்ளொடுங்கும்போது ‘அமுங்கியது’ என்கிறோம். அதை ஒருவர் செய்யும்போது ‘அமுக்கினார்’ என்கிறோம். முன்னது தன்வினை, பின்னது பிறவினை. கட்டத்தில் எழுதும்போது இரண்டும் நான்கு எழுத்துகள்: அ, மு, ங், கு; அ, மு, க், கு. மூன்றாம் கட்டத்தில் மட்டுமே வேறுபாடு இருக்கிறது.

இந்த வேறுபாடு அமுங்கு, அமுக்கு என்ற இணையோடு நிற்பதில்லை. நசுங்கு–நசுக்கு, சுருங்கு–சுருக்கு, ஒடுங்கு–ஒடுக்கு, நெருங்கு–நெருக்கு, கசங்கு–கசக்கு, பிதுங்கு–பிதுக்கு, இடுங்கு–இடுக்கு, மடங்கு–மடக்கு, அடங்கு–அடக்கு என்று வரிசை நீள்கிறது. அழுத்தத்துக்கு ஆளாகும் பொருளுக்கு மெல்லினம், அழுத்துகிறவருக்கு வல்லினம். இலக்கணம் படித்தவர்களுக்கு இதை இன்னொரு வகையில் சொல்லலாம்: அமுங்கு என்பது மென்தொடர்க் குற்றியலுகரம், அமுக்கு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். ஆகவே குறிப்பைப் படித்தவுடன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘இதற்கு என்ன பொருள்?’ என்பதன்று, ‘அழுத்துகிறதா, அழுத்தப்படுகிறதா?’ என்பதே.

எல்லா வினைகளும் இந்த ‘ங்கு–க்கு’ வரிசைக்குள் அடங்குமா?

அடங்கா. அழுந்து–அழுத்து என்பதில் அதே வேறுபாடு தகர வரிசையில் வருகிறது. கூம்பு–கூப்பு என்பதில் பகர வரிசையில் வருகிறது: மாலையில் தாமரை கூம்பும், வணங்கும்போது கைகளைக் கூப்புவோம்.

சற்றுக் கவனம் தேவைப்படும் இரண்டாம் வகை ஒன்று உண்டு. இறுகு–இறுக்கு, குறுகு–குறுக்கு என்பவற்றில் மெல்லினம் வருவதில்லை. ஒற்று இரட்டிப்பதே பிறவினையைக் காட்டுகிறது. இங்கே கட்டங்களின் எண்ணிக்கையே உதவிக்கு வந்துவிடும். ‘கெட்டியாகு’ என்ற குறிப்புக்கு மூன்று கட்டம் இருந்தால் இறுகு. ‘கெட்டியாகக் கட்டு’ என்று நான்கு கட்டம் இருந்தால் இறுக்கு.

மூன்றாம் வகையில் செறி, நெரி ஆகியவை அடங்கும். இவற்றின் வேர்ச்சொல் இரு வினைக்கும் ஒன்றே. காலம் காட்டும்போதுதான் செறிந்தது–செறித்தது, நெரிந்தது–நெரித்தது எனப் பிரிகின்றன. வேர்ச்சொல் மட்டும் கேட்கப்பட்டால் இவற்றில் குழப்பமே இல்லை.

‘□□க்கு’ என்று கடைசி இரண்டு எழுத்துகள் தெரிந்துவிட்டன. மீதியை எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசி இரண்டு எழுத்துகளால் பயன் மிகக் குறைவு. ஏறத்தாழ எல்லாப் பிறவினைகளும் அப்படித்தான் முடிகின்றன. இரண்டாம் எழுத்தைத் தேடுங்கள். அங்கே ‘மு’ இருந்தால் அமுக்கு, ‘சு’ இருந்தால் பெரும்பாலும் நசுக்கு, ‘து’ இருந்தால் பிதுக்கு. ‘ரு’ இருந்தால் சுருக்கு, நெருக்கு என்ற இரண்டுக்குள் தேர்வு சுருங்கிவிடும். ‘று’ இருந்தால் இறுக்கு, குறுக்கு, முறுக்கு என மூன்று. ‘டு’ இருந்தால் ஒடுக்கு, இடுக்கு, முடுக்கு. இவற்றில் முடுக்கு என்பதற்குத் தென்மாவட்டங்களில் குறுகிய சந்து என்ற பொருளும் இருப்பதால், ‘ஒருவர் மட்டுமே நடக்கக்கூடிய தெரு’ என்ற குறிப்பைக் கண்டு திகைக்க வேண்டியதில்லை. ‘ட’ இருந்தால் அடக்கு, மடக்கு. ‘ச’ இருந்தால் கசக்கு.

தமிழில் குறுக்கே வரும் ஓரெழுத்து, மெய்யையும் உயிரையும் சேர்த்தே தந்துவிடுகிறது என்பதை மறக்கக் கூடாது. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் குறுக்கெழுத்தை நிரப்பியவர்களுக்குக் கட்டத்துக்கு ஓர் ஆங்கில எழுத்துதான் கிடைத்தது. நமக்கு ‘மு’ என்ற ஒரே கட்டத்தில் மகரமும் உகரமும் கிடைக்கின்றன.

அப்படியானால் அந்த மூன்றாம் கட்டத்துக்கும் குறுக்கெழுத்துத் துணை கிடைக்குமே?

பெரும்பாலும் கிடைப்பதில்லை, புதிர் அமைப்பவர்களின் இக்கட்டு அங்கேதான் இருக்கிறது. புள்ளி வைத்த எழுத்தால் எந்தச் சொல்லும் தொடங்காது. க், ங் ஆகிய இரண்டும் தமிழ்ச் சொல்லின் இறுதியிலும் வருவதில்லை. ஆகவே அந்தக் கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழாக ஒரு சொல் செல்ல வேண்டுமென்றால், அச்சொல்லின் நடுவிலும் அதே ஒற்று வந்து, அதற்குக் கீழும் ககர வரிசை எழுத்தே நிற்க வேண்டும். இத்தனை நிபந்தனைகளுக்கு உட்பட்ட சொல்லைத் தேடுவதைவிட, அந்தக் கட்டத்தைத் தனியே விட்டுவிடுவது எளிது. விளைவு, விடையை முடிவுசெய்யும் ஒரே கட்டத்துக்கு வேறெந்தச் சொல்லின் உதவியும் இராது. அதனால்தான் குறிப்பின் வினை வடிவத்தைக் கூர்ந்து படிக்கச் சொல்கிறேன். குறிப்பில் ‘நசுக்கு’க்கும் ‘நசுங்கு’க்கும் பொதுவாக ‘சிதை’ என்று மட்டும் எழுதுகிற புதிர் அமைப்பாளர், தம் வேலையைப் பாதியில் விட்டவர் என்பதே என் கருத்து. ‘சிதை’யே இருவினைக்கும் பொதுவான வேர்.

அமுக்கு, நசுக்கு, பிழி, நெரி, கசக்கு எல்லாம் ஒன்றுதானே? அகராதி அப்படித்தானே காட்டுகிறது?

அகராதி ஒரு சொல்லுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தரலாம். சமையலறையில் நிற்கும் எவரும் அவற்றை மாற்றிச் சொல்வதில்லை. எலுமிச்சையைப் பிழிகிறோம், பூண்டை நசுக்குகிறோம், கீரையை மசிக்கிறோம், மாவைப் பிசைகிறோம். இந்த வேறுபாடுகளே குறிப்பின் உயிர்நாடி.

பிழிதலில் உள்ளிருக்கும் நீர்மம் வெளியேற வேண்டும். ஈரத்துணி, தேங்காய்ப்பால், இடியாப்ப மாவு என எதுவானாலும் ஏதோ ஒன்று வெளியே வருகிறது. பிதுக்குதலிலும் வெளியே வருகிறது, ஆனால் அது நீராக இருக்க வேண்டியதில்லை. ஊறவைத்த மொச்சையின் தோலை இரு விரலால் அழுத்தி உள்ளிருக்கும் பருப்பை வெளியே தள்ளி எடுப்பதால்தான் வடமாவட்டங்களில் அதற்குப் பிதுக்கம்பருப்பு என்று பெயர். நசுக்குதலில் வடிவம் கெட்டுவிடும், அது மீளாது. அமுக்குதலில் அப்படியில்லை, பஞ்சு மெத்தையை அமுக்கினால் கையை எடுத்ததும் எழுந்துவிடும். கசக்குதல் மெல்லியவற்றுக்கு உரியது: துணி, தாள், இலை. கல்லைக் கசக்க முடியாது.

நெருக்குதலில் அழுத்தம் பக்கங்களிலிருந்து வருகிறது, இடைவெளி குறைகிறது. நெரித்தல் அதன் கொடிய வடிவம். கழுத்தையும் கூட்டத்தையும் பற்றிய குறிப்புகளில் அதுவே விடையாகும். திணித்தலில் கொள்ளளவுக்கு மேல் உள்ளே தள்ளப்படுகிறது. இறுக்குதலில் சுற்றிக் கட்டும் கயிறோ திருகோ இருக்கிறது. சுருக்குதலில் அளவு குறைந்தால் போதும், விசை தேவையில்லை. ஒரு கட்டுரையைச் சுருக்கலாம், நசுக்கக் கூடாது. செறிதலில் அளவைப் பற்றிய பேச்சே இல்லை. ஓரிடத்தில் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதே அதன் பொருள். ஆகவே ‘உப்பு மிகுந்த நீரின் தன்மை’ என்று மூன்று கட்டம் கொடுத்தால் செறிவு என்று எழுதலாம்.

அழுத்தி உருவாக்கப்படும் பொருள்களைக் கேட்கும் குறிப்புகளுக்கு எவை விடையாகும்?

அவல் (3) இவற்றில் முதன்மையானது; அடைப்புக்குள் இருப்பது கட்டங்களின் எண்ணிக்கை. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கினால் அவல் கிடைக்கிறது. ‘இடி வாங்கித் தட்டையான நெல்’ என்பது நல்ல குறிப்பு. எண்ணெய் பிழிந்த பின் செக்கில் எஞ்சுவது பிண்ணாக்கு (5). கரும்பில் எஞ்சுவது சக்கை (3). ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்தில் சக்கை என்றால் பலா என்பதால், அங்கே ஒருவர் ‘மணம் மிக்க கனி’ என்று குறிப்பெழுதினாலும் வியப்பதற்கில்லை. பஞ்சை எந்திரத்தில் அமுக்கிக் கட்டுவது பொதி (2) அல்லது பேல் (2). இந்தியாவில் ஒரு பேல் பஞ்சின் எடை 170 கிலோ என்று கணக்கிடுவர். நெல், அரிசி வணிகத்தில் வழங்கும் சிப்பம் (4) என்ற சொல்லையும் நினைவில் வையுங்கள். தட்டையான எதற்கும் சப்பை (3), தட்டை (3) இரண்டும் பொருந்தும். முதலெழுத்துக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

குறிப்பு ‘அமுக்கப்பட்ட’ என்று பெயரெச்சமாக இருந்தால் விடையும் ‘ப்பட்ட’ என்று முடியுமா?

முடிவது அரிது. ‘படு’ சேர்த்த செயப்பாட்டுவினை கட்டத்தில் இடத்தை அடைக்கும். தமிழின் இயல்பும் அதன்று. மேலே விழுந்த மூட்டையால் பெட்டி ‘நசுங்கியது’ என்றுதான் சொல்கிறோம், ‘நசுக்கப்பட்டது’ என்பது செய்தித்தாளில் வரும். ஆகவே தன்வினைப் பெயரெச்சத்தை முயலுங்கள்: அமுங்கிய, நசுங்கிய, சுருங்கிய, ஒடுங்கிய, நெருங்கிய, அழுந்திய, அடர்ந்த ஆகியவை ஐந்து கட்டம், இறுகிய, குறுகிய, செறிந்த ஆகியவை நான்கு கட்டம்.

இலங்கைப் புதிர்களில் ‘அழுத்தம்’ எழுதினால் தவறாகிவிடுகிறதே?

இலங்கைப் பாடநூல்களில் அதற்கு அமுக்கம் என்றே பெயர். இங்கே இரத்த அழுத்தம் என்பது அங்கே குருதி அமுக்கம். நம் வானிலை அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று நீண்டு ஒலிப்பதை, இலங்கைச் செய்திகள் தாழமுக்கம் என்று ஆறே எழுத்தில் முடித்துவிடுகின்றன. புதிர் அமைப்பவனாக எனக்கு இந்தச் சொல்லின் மீது சற்றுப் பொறாமை உண்டு. அமுக்கம், அழுத்தம் இரண்டும் ஐந்து கட்டம், இரண்டும் அகரத்தில் தொடங்கி மகர மெய்யில் முடிகின்றன. ஆகவே புதிர் எங்கே வெளியானது என்பதைப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

அமுக்கரா (5) மட்டும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகத் தோன்றிச் சிலரை ஏமாற்றும். அது சித்த மருத்துவத்தில் பயன்படும் கிழங்கு, வடமொழியில் அசுவகந்தா.

ரகர, றகரப் பிழைகள் இந்தச் சொற்களில் மிகுதி என்கிறார்களே?

மிகுதிதான். செரி என்றால் சீரணமாதல், செறி என்றால் நெருங்கி நிறைதல். நெரி என்றால் நசுக்குதல், நெறி என்றால் வழி. ‘கூட்ட நெறிசல்’ என்று சுவரொட்டிகளில்கூடக் காணக்கிடைக்கிறது. குறுகு என்றால் சிறுத்துப் போதல், குருகு என்றால் பறவை. இறுக்கம் என்பதில் வல்லின றகரம், சுருக்கம் என்பதில் இடையின ரகரம். ஒரு கட்டத்தில் றுவுக்குப் பதில் ருவை எழுதிவிட்டால் அதைக் கடந்து செல்லும் சொல் நிச்சயமாகத் தடைப்படும். அந்த வகையில் குறுக்கெழுத்து நல்லதோர் எழுத்துப்பிழைப் பயிற்சி.

உருவகப் பொருளில் வரும் விடைகள் எவை?

நெருக்கடி (5) முதலிடம் பெறும். நெருக்கமாக அடைந்து கிடத்தலைக் குறிக்கும் சொல், இக்கட்டான சூழலுக்கும் ஆகிவந்தது. ‘1975 ஜூன் முதல் 1977 மார்ச் வரை நாட்டில் இருந்த நிலை’ என்ற குறிப்புக்கு விடை அதுவே. ஒடுக்குமுறை (6), அடக்குமுறை (6) இரண்டும் ஆட்சியாளரைப் பற்றிய குறிப்புகளில் வரும். எழுத்தெண்ணிக்கை ஒன்றே, முதல் இரண்டு கட்டங்கள் மட்டுமே வேறுபடும். அடக்கம் (5) என்ற சொல்லுக்குப் பணிவு, புதைத்தல், உள்ளடங்கியிருத்தல் என மூன்று முகங்கள் உண்டு. அளவாகவும் ஒழுங்காகவும் அமைந்ததற்குக் கச்சிதம் (5). பேச்சு வழக்கில், எதையும் வெளிக்காட்டாமல் காரியத்தைச் சாதிப்பவர் அமுக்குணி (5).

இடுக்கி (4) என்பதைத் தனியே சொல்ல வேண்டும். பாத்திரத்தை இறுகப் பற்றித் தூக்கும் கருவியும் அது. மலைகளுக்கிடையே ஆறு பாயும் குறுகலான இடுக்கால் பெயர்பெற்ற கேரள மாவட்டமும் அது. குறவன் மலைக்கும் குறத்தி மலைக்கும் இடையே வளைவு அணை கட்டப்பட்டிருப்பது அந்த இடுக்கில்தான். ‘சூடான பாத்திரத்தைப் பற்றும் அண்டை மாநில மாவட்டம்’ என்று எழுதினால் குறிப்பு முடிந்தது.

இலக்கணத்தில் சுருக்கம் தொடர்பான சொற்கள் எவை?

இங்கே விளைச்சல் மிகுதி. ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டிய உகரம் அரை மாத்திரையாகக் குறைவது குற்றியலுகரம். இகரம் அவ்வாறு குறைவது குற்றியலிகரம். இரண்டும் எட்டுக் கட்டம். ஐந்தாம் கட்டத்தில் ‘லு’வா ‘லி’யா என்பதே வேறுபாடு. மகரமும் ஆய்தமும் அரையிலிருந்து கால் மாத்திரையாகக் குறைந்தால் மகரக்குறுக்கம், ஆய்தக்குறுக்கம். இரண்டும் ஒன்பது கட்டம்.

செய்யுளில் சொல்லின் ஓரெழுத்து மறைவதைக் குறை என்பர். தாமரை ‘மரை’ என நிற்பது முதற்குறை, ஓந்தி ‘ஓதி’ என நிற்பது இடைக்குறை, நீலம் ‘நீல்’ என நிற்பது கடைக்குறை. மூன்றும் ஐந்து கட்டம். மூன்றாம் கட்டத்துக்குப் பின் மூன்றும் ஒன்றே. நெட்டெழுத்து குற்றெழுத்தாவது குறுக்கல் (5). வேற்றுமை உருபு முதலியவை மறைந்து சொற்கள் நெருங்கி நிற்பது தொகை (2).

மக்கள் நாவில் ஊர்ப்பெயர் அமுங்கிச் சுருங்குவது மரூஉ (3). தஞ்சாவூர் தஞ்சையாகவும், கோயம்புத்தூர் கோவையாகவும், திருநெல்வேலி நெல்லையாகவும், நாகப்பட்டினம் நாகையாகவும், உதகமண்டலம் உதகையாகவும், சைதாப்பேட்டை சைதையாகவும் ஆயின. எவ்வளவு நீண்ட பெயரும் ஐகாரத்தில் வந்து அடங்குவதைக் கவனித்தால், ஊர்க் குறிப்பின் கடைசிக் கட்டத்தில் ஐகார எழுத்தை முன்கூட்டியே எதிர்பார்க்கலாம்.

சொல்விளையாட்டுப் புதிர்களில் ‘நசுங்கிய’, ‘சுருங்கிய’ என்றெல்லாம் வருகின்றனவே, அங்கும் இதே விடைகள்தானா?

அங்கே அவை விடையைக் கேட்பதில்லை. விடையை அடையும் வழியைச் சொல்கின்றன. நசுங்கிய, கசங்கிய, கலங்கிய என்றால் எழுத்துகளை இடம் மாற்ற வேண்டும். ‘நசுங்கிய கதவுக்கும் தகுதி உண்டு (3)’ என்ற குறிப்பில் க, த, வு ஆகிய மூன்றையும் மாற்றி அடுக்கினால் தகவு.

சுருங்கிய, ஒடுங்கிய, குறுகிய என்றால் நெடிலைக் குறிலாக்க வேண்டும். ‘சுருங்கிய பாட்டு காஞ்சியில் நெய்யப்படும் (3)’ என்பதற்குப் பாட்டைக் குறுக்கினால் பட்டு. ‘விடியலைச் சுருக்கினால் ஓவியமும் நாட்டியமும் (2)’ என்பதற்குக் காலை சுருங்கிக் கலை ஆகிறது. மேலே சொன்ன குறுக்கல் விகாரமும் இதுவும் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதைக் காணலாம்.

இடுக்கில், நெருக்கிய, மாட்டிய என்றால் ஒன்றுக்குள் மற்றொன்றைச் செருக வேண்டும். ‘பல்லிடுக்கில் கல்லின் தலை மாட்ட, வெளிச்சம் (3)’: ‘பல்’ என்ற சொல்லின் நடுவே கல்லின் முதலெழுத்தான ‘க’ புகுந்தால் பகல். பிழிந்த என்று வந்தால் சொல்லின் நடுப்பகுதியை நீக்கிப் பாருங்கள். ஆனால் இதில் எல்லோரும் ஒரே வழக்கைப் பின்பற்றுவதில்லை.

அறிவியல் குறிப்புகளில் கவனிக்க வேண்டியது என்ன?

‘நிலக்கரி அமுங்கி உருவாகும் மணி’ என்று எழுதி வைரம் (3) என்ற விடையை எதிர்பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரும்பாலான வைரங்கள் நிலத்தில் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே, ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழான ஆழத்தில் கரிமத்திலிருந்து உருவானவை; நிலக்கரியோ தாவரங்களின் மிச்சம். விடையை எழுதுங்கள், குறிப்பை நம்பாதீர்கள்.

வாகனங்களுக்கான சிஎன்ஜி அமுக்கப்பட்ட வாயு. அதை 200 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கு மேலும் அழுத்திச் சேமிக்கிறார்கள். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ உருளையில் இருப்பதோ திரவமாக்கப்பட்ட எரிவாயு. இரண்டையும் மாற்றிக் கேட்பது வழக்கமான பிழை. விண்மீன் அமுங்கிக் கிடைக்கும் விடை கருந்துளை (5). புவி முழுவதையும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருண்டையாக அமுக்கினால் அதுவும் கருந்துளையாகிவிடும் என்பது கணக்கு. கணினிக் கோப்பைச் சுருக்குவது பற்றிய குறிப்புக்கு 1989-இல் வெளிவந்த ஜிப் (2) என்ற வடிவமே விடையாக இருக்கும்.

பழஞ்சொற்கள் கேட்கப்பட்டால்?

ஞெமுங்கு (4) என்பது அமுங்குதலைக் குறிக்கும் பழைய சொல். அதன் பிறவினை ஞெமுக்கு. சொல்லின் முதலில் ஞெகரம் கிடைத்தால் இவற்றை முதலில் நினையுங்கள். மிடை (2), துதை (2) இரண்டும் நெருங்கிச் செறிதல். இரண்டும் ‘டை’, ‘தை’ என்று முடிவதால் இரண்டாம் கட்டம் கிடைத்தாலே போதும்.

‘பேச்சைக் குறுக்கி வேகமாக எழுதும் முறை’ என்று ஏழு கட்டம் இருந்தது. ‘குறுக்கெழுத்து’ என்று நிரப்பினேன், தவறு என்கிறார்கள். ஏன்?

விடை சுருக்கெழுத்து. ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட முறையின் வழியாகப் பரவிய அந்தக் கலைக்குத் தமிழில் சுருக்கெழுத்து என்று பெயர். அதற்கும் ஏழு கட்டம், குறுக்கெழுத்துக்கும் ஏழு கட்டம். முதல் இரண்டு எழுத்துகள் மட்டுமே வேறு. குறிப்பில் ‘குறுக்கி’ என்று போட்டவர் உங்களை வேண்டுமென்றே திசைதிருப்பியிருக்கிறார். குறுக்கெழுத்தில் உள்ள குறுக்கு என்பது சுருக்குதல் அன்று; இடமிருந்து வலமாகச் செல்லும் குறுக்கு.